செட்டியார்பட்டிக்குப் போகிற கை

கையை உள்ளே விடும்போது அவர் கண்ணை மூடிக்கொள்வார். ஜெபம் பண்ணுகிறார் என்று முதலில் நினைத்தேன். மம்சாபுரத்தில் சர்ச்சுக்குப் போகிறவர், ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டால் வரவே மாட்டார், அதனால் அப்படித் தோன்றியது. கேட்டபோது சிரித்தார்.

"ஜெபம் வீட்டுலயே முடிச்சாச்சு தங்கச்சி. இருட்டுக்குள்ள வேலை செய்யயில கண்ணத் தொறந்து வச்சிருந்தா அது கைக்கு யோசனை சொல்லும். அடுத்தவன் யோசனையக் கேட்டா கை கெட்டுப்போயிரும்."

வலது கையில் அவருக்கு மூன்று விரல்கள்தான். வாலிபத்தில் ராஜபாளையத்து நூல் மில் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது மாதம், பஞ்சைச் சிக்கெடுக்கிற மெஷின் சுண்டுவிரலையும் மோதிரவிரலையும் எடுத்துக்கொண்டது. கூடவே உள்ளங்கையில் ஒரு ஓரத்தையும். மிஞ்சியது ஒரு ஒடுங்கிய கை. அகப்பைக் காம்பு மாதிரி நீளமாக, சூம்பலாக, முன்னால் மூன்று விரல். "மெஷினு தின்னது போக மிச்சம்" என்பார். சொல்லிவிட்டு அந்த மிச்சத்தை ஒரு தடவை திருப்பித் திருப்பிப் பார்ப்பார், கடையில் வாங்கிய கத்தியைப் பார்க்கிற மாதிரி.

அந்த மிச்சத்தை வைத்துத்தான் முப்பது வருஷத்துக்கு மேல் பிழைத்தார். ஊரில் எவர் கையும் போகாத சந்துக்குள் அது போனது. தொட்டிக்குப் பின்னால், மோட்டாருக்கு அடியில், குழாயின் தொண்டைக்குள். அவர் பேரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. மூணு விரல் அண்ணாச்சி. எனக்கு வெறும் அண்ணாச்சி. நான் அவருக்குத் தங்கச்சி ஆனதால் என் கணவர் மாப்பிள்ளை ஆகிப்போனார். மாப்பிள்ளையைக் கிண்டல் பண்ணுகிற உரிமையும் அண்ணாச்சிக்கு அதோடு வந்துவிட்டது.

எங்களிடம் ஒரு வண்டி இருந்தது. இருந்தது என்ன, இப்போதும் இருக்கிறது, டயரில் காற்று இல்லாமல். ஜீப்புக்குப் பின்னால் கொக்கி போட்டு இழுத்துப் போகிற வீடு. பன்னிரண்டு அடிக்கு ஆறடி. ஒரு கட்டில், ஒரு அடுப்பு, பீரோ அகலத்தில் ஒரு குளியலறை, கட்டிலுக்கு அடியில் பதினைந்து லிட்டர் கீசர். நான் ஓரிடத்தில் தங்காத ஆள். பஸ் ஸ்டாண்டைக் கடந்து காய்கறி வாங்கப் போனாலும் நிற்கிற பஸ்களின் பலகைகளை வாசித்துக்கொண்டே போவேன். என் கணவர் உட்கார்ந்தால் எழுந்திருக்காத ஆள். உட்கார்ந்தபடியே ஊர் சுற்றலாம் என்று வீட்டையே சக்கரத்தில் ஏற்றிவிட்டோம். அவருக்கு இளைப்பு உண்டு. பச்சைத்தண்ணீர் மேலே பட்டால் நெஞ்சு கட்டிக்கொள்ளும். கீசர் இல்லையென்றால் எங்களுக்குக் கொடைக்கானலும் இல்லை, குமுளியும் இல்லை.

ராஜபாளையத்தில், தென்காசி ரோட்டில், லாரிக்கு பாடி கட்டுகிற ஒரு பட்டறையில் கொடுத்துச் செய்தோம். பட்டறைக்காரர் அதற்கு முன் இப்படி ஒன்றைக் கட்டியதில்லை. ஆனால் வீடு என்று நாங்கள் வாயால் சொல்லிவிட்டோம். வீடு என்றால் அவருக்கு வாஸ்து.

"கீசர் நெருப்பு சார். அக்னி மூலையிலதான் வரணும்."

"ஓடுற வண்டிக்கு ஏதுய்யா மூலை?" என்றார் என் கணவர்.

"ஓடுறதுக்கு முன்னாடி நிக்கும்ல சார்."

பட்டறையில் வண்டி வடக்கே பார்த்து நின்றது. தென்கிழக்கு என்று அவர் கணக்குப் போட்டது வண்டியின் பின்பக்கத்து வலது ஓரம், சக்கரத்தை மூடுகிற இரும்பு மேட்டுக்கு அந்தப்புறம். முதலில் கீசரை வைத்தார்கள். குழாய் இழுத்து மூன்று வால்வு போட்டார்கள். பச்சைத்தண்ணீர் உள்ளே வர ஒன்று, சுடுதண்ணீர் வெளியே போக ஒன்று, தொட்டியைக் காலி பண்ண அடியில் ஒன்று. பிறகு எல்லாவற்றுக்கும் மேலே கட்டிலைக் கட்டி முடித்தார்கள். அதன் பின் அந்த மூன்று வால்வையும் எந்த மனிதக் கண்ணும் பார்க்கவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வீட்டு போர் தண்ணீர் உப்புத்தண்ணீர். பயணம் முடிந்து வந்ததும் காலி பண்ணாமல் விட்டால் தொட்டிக்குள் உப்புப் பூத்து அடைத்துவிடும். காலி பண்ணுகிற வால்வோ தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே நாலு அங்குலச் சந்தில், அதுவும் ஒரு வளைவுக்கு அப்பால். மூன்று பிளம்பர்கள் வந்தார்கள். ஒருத்தர் கட்டிலைப் பிரித்தால்தான் ஆகும் என்றார். இன்னொருத்தர் முழங்கை வரை விட்டுவிட்டு எடுக்க முடியாமல் கால் மணி நேரம் குப்புறக் கிடந்தார். கடலை எண்ணெய் ஊற்றித்தான் ஆளை மீட்டோம். மூன்றாமவர் குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், செருப்பை மாட்டினார்.

பட்டறைக்காரருக்கே போன் போட்டோம். மூன்று பிளம்பர் கதையையும் கேட்டுவிட்டுச் சொன்னார், "மம்சாபுரத்துல ஒரு ஆள் இருக்காரு."

அப்படித்தான் அண்ணாச்சி வந்தார், மொபெட்டில், ஒரு ரெக்ஸின் பையோடு. கட்டிலுக்குக் கீழே சாமான் வைக்கிற அறைக்கு ஒன்றரை அடி அகலத்தில் ஒரு கதவு உண்டு. அதற்குள் தோள் வரை நுழைந்து, குப்புறப் படுத்து, கன்னத்தைத் தரையில் வைத்து, கண்ணை மூடி, கையை அனுப்பினார். அனுப்பினார் என்றுதான் சொல்ல வேண்டும். உடம்பு இங்கேயே கிடந்தது. கை மட்டும் தனியாகக் கிளம்பிப் போனது.

"கிருஷ்ணன்கோவில்," என்றார் உள்ளேயிருந்து.

நானும் கணவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

"கை கெளம்பிருச்சு மாப்ள. இப்பக் கிருஷ்ணன்கோவில். காலேஜ் பிள்ளைய ஏறுதாவ, செத்த நேரம் நிக்கும்."

தென்காசி பஸ் போகிற வழிதான் கைக்கும் வழி. சாமான் அறையின் உள்விளிம்புதான் கிருஷ்ணன்கோவில். இரும்பு மேடு ஸ்ரீவில்லிபுத்தூர். அங்கே மணிக்கட்டைத் திருப்ப வேண்டும். குழாய் வளைகிற இடம் ராஜபாளையம். அங்கே முழங்கை சுவரில் முட்டும்; மூச்சை முழுக்க வெளியே விட்டால்தான் கை மேற்கொண்டு நகரும். அதற்கும் அப்பால், கடைசியில், செட்டியார்பட்டி. காலி பண்ணுகிற வால்வு.

"செட்டியார்பட்டி. அம்புட்டுப் பேரும் எறங்குங்க."

வண்டிக்கு அடியில் தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டது. என் கணவர் கை தட்டிவிட்டார், சர்க்கஸ் பார்த்த மாதிரி.

"இத எவன் மாப்ள இங்க கொண்டாந்து வச்சான்?"

கணவர் கூச்சத்தோடு அக்னி மூலைக் கதையைச் சொன்னார். கட்டிலுக்கு அடியிலிருந்து சிரிப்பு வந்தது. தலை வரவில்லை, சிரிப்பு மட்டும் வந்துகொண்டே இருந்தது.

"இப்ப வண்டி எந்தப் பக்கம் பாத்து நிக்கி?"

"மேக்க."

"அப்ப இது என்ன மூலை?"

கணவர் காற்றில் விரலால் திசை போட்டுப் பார்த்தார். முகம் மாறியது. "ஈசானிய மூலை."

"ஈசானியத்துல நெருப்ப வச்சிருக்கியளே மாப்ள, குடும்பம் வெளங்குமா?"

ஓடுகிற வண்டிக்கு ஏது மூலை என்று கேட்ட மனிதர், மறுநாள் காலையில் ஜீப்பை மாட்டி, அரை மணி நேரம் முன்னும் பின்னும் இழுத்து, வண்டியை வடக்கே பார்க்கத் திருப்பி நிறுத்தினார். நிழலுக்காக என்றார். அந்த இடத்தில் நிழலே கிடையாது. இன்றைக்கும் வண்டி வடக்கேதான் பார்த்து நிற்கிறது.

முதல் வருஷத்திலேயே கணவர் கேட்டார். "மெத்தைக்கு அடியில பலகையில ஒரு ஓட்டை போட்டா மேல இருந்தே கை விட்டுறலாமே அண்ணாச்சி? உங்களுக்கும் இப்படிப் படுத்து உருள வேண்டாம்லா?"

அண்ணாச்சி எழுந்து உட்கார்ந்து, பலகையை விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டினார். காதை வைத்துக் கேட்டார். இன்னும் இரண்டு தட்டு. "கேட்டியளா? அடியில ஃபிரேம் பைப்பு ஓடுது. அதுல ரம்பம் பட்டா வண்டியே தளந்துரும். தொட்ராதிய."

நம்பினோம். இருட்டுக்குள் பார்க்கிற கை அது. அந்தக் கை சொன்னதை நாங்கள் எந்தக் கண்ணை வைத்துச் சரிபார்ப்போம்?

அதனால் தொட்டியை நிரப்பவும் காலி பண்ணவும் ஒவ்வொரு பயணத்துக்கு முன்னும் பின்னும் அவர் வந்தார். வேலை ஐந்து நிமிஷம். கையைக் கழுவிவிட்டுப் பேச்சு ஒரு மணி நேரம். எல்லாப் பேச்சும் சுற்றிச் சுற்றி அந்தக் கையிடம்தான் வந்து நிற்கும். கிருஷ்ணன்கோவில் பக்கம் ஒரு பையன்கள் விடுதியில் குழாய் அடைத்துக்கொண்டபோது, இன்ஜினியரிங் படிக்கிற பையன்கள் வயர் முனையில் கேமரா கட்டி உள்ளே விட்டு, போனில் படம் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். இவர் போய் நின்றதும், "அண்ணாச்சி, இங்க பாருங்க, உள்ள என்ன இருக்குன்னு தெரியுது" என்று காட்டினார்களாம்.

"நான் பாக்க மாட்டேன்னுட்டேன். ஏலே, அதுக்குக் கண்ணு இருக்கு சரி, விரலு இருக்கான்னு கேட்டேன். உள்ள கெடந்தது ஒரு சோப்பு டப்பா. படத்துல பாத்துட்டு அவனுக எலும்புக்கூடுன்னு பயந்துபோயி நிக்கானுக."

இன்னொன்றும் சொல்வார். அதை எப்போதும் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார். மம்சாபுரத்தில் ஒரு பசு கன்று போட முடியாமல் கிடந்தது. டாக்டர் வர நேரமாகும். வீட்டுக்காரர் கை பருத்த கை, பசு வலி தாங்காமல் உதைத்தது. இவரை ஓடிப்போய்க் கூட்டி வந்தார்கள். "கன்னுக்குட்டி உசுரோட இருக்கா இல்லையான்னே தெரியல தங்கச்சி. கை போகுது, போகுது, ஒரே சூடு. மொகத்தத் தடவுனேன். வாய் தட்டுப்பட்டுச்சு. அதுக்குள்ள ஒரு விரல வச்சேன். சப்புச்சு." கட்டைவிரலை நீட்டிக் காட்டுவார், இன்னும் ஈரமாக இருப்பது மாதிரி. "இன்னும் பொறக்கவே இல்ல. அதுக்குள்ள எங்கிட்டப் பால் கேக்குது."

இந்தக் கதையை அவர் ஏழெட்டுத் தடவை சொல்லியிருப்பார். ஒவ்வொரு தடவையும் சூடு என்கிற இடத்தில் கொஞ்சம் நிறுத்துவார்.

இரண்டாம் வருஷம் தனுஷ்கோடி போனோம். துணி காயப்போட ஒரு பச்சை நைலான் கயிறு புதிதாக வாங்கிப் போயிருந்தேன். திரும்பி வந்து, அண்ணாச்சி தொட்டியைக் காலி பண்ணிவிட்டுப் போன பிறகு பார்த்தால், கயிற்றில் ஒரு முழம் குறைந்திருந்தது. எலி என்றார் கணவர். எலி இம்புட்டு நேராகவா கடிக்கும் என்று கேட்டேன். அதோடு விட்டுவிட்டோம்.

மூன்றாம் வருஷம் ஒருநாள் ஒற்றைச் செருப்போடு வந்து நின்றார்.

"இன்னொன்னு எங்க அண்ணாச்சி?"

குனிந்து பார்த்தார். அவருக்கே அப்போதுதான் தெரிந்தது. வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார்.

"மூணு விரல் அண்ணாச்சி இனிமே ஒத்தச் செருப்பு அண்ணாச்சி," என்றார் என் கணவர். அண்ணாச்சி அதற்குத் தேவைக்கு அதிகமாகச் சிரித்தார். டீ கொடுத்தபோது சீனி வேண்டாம் என்று கையசைத்தார்.

"சக்கரை. டாக்டரம்மா ஊசிய வச்சுக் குத்திப் பாத்தாவ. ரெண்டு காலும் மரக்கட்டை. குத்துறதே தெரியல." டம்ளரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "காலு போனாப் போவட்டும் தங்கச்சி. மொபெட்டு இருக்கு. இங்க மட்டும் ஏறி வந்துரக் கூடாது." இங்க என்றபோது மூன்று விரலையும் விரித்தார்.

"கை எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"கை நல்லாருக்கு." டம்ளரைச் சுற்றிப் பிடித்துக் காட்டினார். "சூடு தெரியுது. விளிம்பு தெரியுது. இந்த எடத்துல ஒரு நெளிசல் இருக்கு, அதுவுந் தெரியுது."

டம்ளரில் நெளிசல் இருந்தது உண்மைதான். அதை அவர் பார்த்துக்கொண்டேதான் சொன்னார்.

அன்றிலிருந்து அந்தக் கையைக் கவனிக்க ஆரம்பித்தேன். கவனிக்காமல் இருந்திருக்கலாம். முன்பெல்லாம் ரெக்ஸின் பைக்குள் கையை விட்டு, எங்களோடு பேசிக்கொண்டே, வேண்டிய ஸ்பேனரை எடுப்பார். இப்போது பையைத் தரையில் கவிழ்த்துக் கண்ணால் தேடினார். முன்பு கிருஷ்ணன்கோவிலில் செத்த நேரம் நிற்கிற பஸ், இப்போது எங்கேயும் நிற்காமல் போனது. கிருஷ்ணன்கோவில் ஸ்ரீவில்லிபுத்தூர் ராஜபாளையம் என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவார், பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி. கை எங்கே இருக்கிறது என்று அவர் சொன்னது போய், கை எங்கே இருக்க வேண்டும் என்று சொல்கிற மாதிரி எனக்குக் கேட்டது. செட்டியார்பட்டிக்கு மட்டும் ரொம்ப நேரமாகும். சத்தமே இருக்காது. பிறகு, "தண்ணி விழுதா தங்கச்சி?" என்று கேட்பார். முன்பு அவர் கேட்டதில்லை. அவர்தான் எங்களுக்குச் சொல்வார்.

ஒருமுறை கை வெளியே வந்தபோது முட்டியில் தோல் உரிந்து ரத்தம் வழிந்தது. "அண்ணாச்சி, கை!" என்றேன். அவர் இடது கையைப் பார்த்தார். பிறகுதான் வலது கையைப் பார்த்தார். துண்டால் சுற்றிக்கொண்டு, "ராஜபாளையத்துல ஆக்சிடெண்டு," என்றார். நாங்கள் சிரிக்கவில்லை. அவர் மொபெட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கேட்டிருக்க வேண்டும். கேட்டால் பதில் வந்துவிடுமே என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். அவரைத் தவிர வேறு ஆளும் எங்களுக்கு இல்லை. எனக்குப் போக வேண்டிய ஊர்கள் இருந்தன. உள்ளதைச் சொன்னால் அவ்வளவுதான்.

ஐந்தாம் வருஷம், தை மாதம். கொடைக்கானல் போய் வந்த மறுநாள் காலை. வீட்டில் வெந்நீர் போட நான் சோம்பல்பட்டதால் என் கணவர் வண்டியிலேயே குளித்துவிட்டு வந்தார். அண்ணாச்சி வாசலில் மொபெட்டை நிறுத்தவும் நான் கீசரை அணைக்கவும் சரியாக இருந்தது.

"இப்பத்தான் அணைச்சேன் அண்ணாச்சி. கொதிக்கக் கெடக்கு. ஒரு மணி நேரம் போகட்டும், டீ குடிங்க."

"தொட்டுப் பாத்தாத் தெரியாதா தங்கச்சி? சூடா இருந்தாக் கைய எடுத்துருவேன்."

அதைச் சொன்னபோது என் முகத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அந்த ஒரு நிமிஷத்தில் நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். சொன்னால், கை போய்விட்டது என்று எனக்குத் தெரியும் என்று சொன்னதாக ஆகும். நான் வழி விட்டு நின்றேன்.

படுத்தார். கன்னத்தைத் தரையில் வைத்தார். கண்ணை மூடினார். கிருஷ்ணன்கோவில் ஸ்ரீவில்லிபுத்தூர் ராஜபாளையம். சத்தம் இல்லை. தோள் இப்படியும் அப்படியும் திரும்பியது. பிறகு, "செட்டியார்பட்டி," என்றார்.

வண்டிக்கு அடியில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. ஆனால் எப்போதும் விழுகிற மாதிரி ஒரே தாரையாக இல்லை. பல இடத்தில் சிதறி விழுந்தது. வால்வுக்கும் தரையில் உள்ள துளைக்கும் நடுவே இருந்த ரப்பர் குழாய் கழன்றிருந்தது என்று பிறகு தெரிந்தது. தண்ணீர் நேராக அவர் கை மேல் கொட்டி, அங்கிருந்து வழிந்து போய்க்கொண்டிருந்தது.

"தண்ணி எப்படி வருது அண்ணாச்சி?"

"ஜில்லுன்னு வருது தங்கச்சி. ஆறிப்போச்சு."

நான் கீழே குனிந்தேன். வண்டிக்கு அடியிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. தை மாதக் குளிரில் வெள்ளையாக, தடியாக, இரண்டு சக்கரத்துக்கும் நடுவே சுருண்டு மேலே ஏறியது.

"அண்ணாச்சி, கைய எடுங்க!"

"எதுக்கு? நல்லாத்தான வருது."

"எடுங்க! எடுங்க!"

என் கணவர் அவர் இரண்டு காலையும் பிடித்து இழுத்தார். கை வருவதற்கு நேரமாயிற்று. ராஜபாளையம் வளைவில் சிக்கி, ஸ்ரீவில்லிபுத்தூர் மேட்டில் உரசி, மெதுவாகத் திரும்பி வந்தது. வெளிச்சத்துக்கு வந்தபோது மணிக்கட்டு வரை தோல் வெந்து கூழாகத் தொங்கியது. அவர் முகத்தில் வலி இல்லை. அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. அவர் எங்களைப் பார்த்தார், எங்கள் கண் போன இடத்தைப் பார்த்தார், பிறகு தன் கையைப் பார்த்தார்.

"அட," என்றார்.

புண் ஆறவில்லை. சர்க்கரைக்காரர் புண் எப்படி ஆறும்? முதலில் ஒரு விரலை எடுத்தார்கள். ராஜபாளையம் ஆஸ்பத்திரியில் நாங்கள் போய்ப் பார்த்தபோது, போர்வைக்குள் கையை வைத்திருந்தார். அவர் மனைவி, "மாத்திரையும் திங்கல, தூக்கமும் இல்ல. அந்த வால்வு, அந்த வால்வுங்காவ. என்னன்னு கேளுங்க," என்று எங்களிடம் அவரை விட்டுவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போனார்.

"செட்டியார்பட்டிய மூடாம வந்துட்டேன்லா தங்கச்சி?"

"நாங்க மூடிட்டோம் அண்ணாச்சி."

"எந்தக் கைய வச்சு?"

கேட்டுவிட்டு அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"மெத்தையத் தூக்குங்க. சொவத்து ஓரத்துல இருந்து ஒரு சாண். தலமாட்டுல இருந்து மூணு சாண், நாலு விரக்கடை. அந்த எடத்துல சதுரமா ஒரு ஓட்டை வெட்டச் சொல்லுங்க. நேரா வால்வு மேலயே எறங்கும்."

"அங்க ஃபிரேம் பைப்பு ஓடுதுன்னு சொன்னியளே," என்றார் என் கணவர்.

அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டார்.

"ஓடல மாப்ள."

பஸ்ஸில் திரும்பி வரும்போது மம்சாபுரத்துக்குப் பிரிகிற விலக்கில் கணவர் சொன்னார், "இப்ப வெட்ட வேண்டாம். இருக்கட்டும். அவிய எந்திரிச்சு வரட்டும்." வருவார் என்று அவரும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை. ஆனால் வெட்டவில்லை. பங்குனியில் அந்தக் கையை மணிக்கட்டோடு எடுத்தார்கள். அப்போதும் வெட்டவில்லை. ஆடியில் அண்ணாச்சியும் போய்விட்டார். மம்சாபுரத்தில் பெட்டிக்குள் படுக்கவைத்திருந்தார்கள். இடது கையை மட்டும் நெஞ்சின் மேல் வைத்து, வலது பக்கத்தைப் பூவால் மூடியிருந்தார்கள்.

ஆவணியில் தச்சர் வந்தார். மெத்தையைத் தூக்கினோம். அளவைச் சொன்னேன். அவர் பென்சிலைக் காதிலிருந்து எடுத்துக்கொண்டே, "யாரு சாணு அக்கா? யாரு விரலு?" என்று கேட்டார்.

நான் கணவரைப் பார்த்தேன். அவர் வேறு எங்கோ பார்த்தார்.

"உங்க கையாலயே அளந்துக்கோங்க," என்றேன்.

பத்து நிமிஷ வேலை. ரம்பம் எந்த இரும்பிலும் முட்டவில்லை. ஒரு சதுரப் பலகை கழன்று வந்தது. அந்த மூலைக்குள் முதல் தடவையாக வெளிச்சம் விழுந்தது. தச்சர் எட்டிப் பார்த்தார்.

"இது யாரு அக்கா, வால்வுக்குப் போயி பொம்மை மாதிரித் துணி சுத்தி வச்சிருக்கது?"

மற்ற இரண்டு வால்வும் சும்மா பித்தளையாக இருந்தன. காலி பண்ணுகிற வால்வின் பிடியில் மட்டும் முஷ்டி அளவுக்குத் துணி. அண்ணாச்சி தோளில் போடுகிற நீலக்கட்டம் போட்ட துண்டின் கிழிசல். உப்பு ஏறி விறைத்திருந்தது. கணவர் கத்தியால் கீறி எடுத்தார். துணிக்கு அடியில் பச்சை நைலான் கயிறு, ஏழெட்டுச் சுற்று, இறுக்கமாக. கயிற்றுக்கு அடியில் சணல். சணலுக்கு அடியில், கடைசியில், மெல்லிசாக வெள்ளை நூல், மில் நூல், ஒரே ஒரு முடிச்சு. மூன்று வால்வில் இதுதான் என்று விரலுக்கு அடையாளம் சொல்ல அந்த ஒரு முடிச்சே அவருக்குப் போதுமாக இருந்த ஒரு காலம் இருந்திருக்கிறது. பிறகு அது போதாமல் போயிருக்கிறது. பிறகு சணலும்.

கணவர் பச்சைக் கயிற்றை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றார். நேராக வெட்டின நுனி.

"தனுஷ்கோடிக் கயிறு," என்றார். கொஞ்சம் கழித்து, "எலின்னு சொன்னேன்லா," என்றார்.

தனுஷ்கோடி போனது இரண்டாம் வருஷம். ஒற்றைச் செருப்போடு அவர் வந்தது மூன்றாம் வருஷம். டம்ளரைச் சுற்றிப் பிடித்து, கை நல்லாருக்கு, சூடு தெரியுது என்று என்னிடம் சொன்ன அன்றைக்கு, இந்தக் கயிறு இந்த இருட்டுக்குள் கட்டி ஒரு வருஷம் ஆகியிருந்தது.

வால்வு இன்னும் திறந்துதான் கிடந்தது. மூட வேண்டுமே என்று நான் குனிந்தேன். படுக்க வேண்டியிருக்கவில்லை. கன்னத்தைத் தரையில் வைக்க வேண்டியிருக்கவில்லை. ஐந்து விரலோடு கையை விட்டேன். நேராக வால்வில் போய் நின்றது. நடுவில் ஒரு ஊரும் வரவில்லை.